46 லைக் வாங்கிய தவறு

கேள்வி:

வத்தலக்குண்டு பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 17 ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 2020 ஊரடங்கில் பள்ளி மூடியிருந்தபோது, பாடங்களைக் கைபேசியில் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றத் தொடங்கினேன். இன்றும் தொடர்கிறேன். சென்ற மாதம் கொதிநிலை பற்றி ஆறு நிமிட வீடியோ ஒன்று போட்டேன். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும், அதனால் கொடைக்கானலில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும், குக்கர் இல்லாவிட்டால் அங்கே பருப்பு வேக நேரமாகும் என்று சொல்லியிருந்தேன். மறுநாள் ஒருவர், "தண்ணீர் எங்கே கொதித்தாலும் 100 டிகிரிதான். இதுகூடத் தெரியாதவரெல்லாம் டீச்சர்!" என்று கமெண்ட் எழுதினார். அதற்கு 46 லைக். இன்னும் இருவர் ஆமோதித்து எழுதினார்கள். வேறொருவர் என் குரலைக் கேலி செய்தார். 3,200 பேர் பார்த்த அந்த வீடியோவில் மொத்தம் 27 கமெண்ட். பெரும்பாலும் நன்றி சொன்னவைதான். ஆனால் என் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், அந்த அண்ணன் சொன்னதுதானே சரி?" என்று கேட்டுவிட்டாள். ஆசிரியர் அறையிலும் ஒருவர், "நூறு டிகிரி என்ன ஆயிற்று?" என்று விசாரித்தார். அவர் வீடியோவைப் பார்க்கவே இல்லை, கமெண்டை மட்டும் படித்திருக்கிறார். தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று நானே பாடநூலை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

கமெண்ட் பகுதியை மூடிவிடட்டுமா? அந்தக் கமெண்டை மட்டும் அழிக்கட்டுமா? உறவினர்கள் பத்துப் பேரை நல்லபடியாக எழுதச் சொல்லலாம் என்கிறார் கணவர். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் வீடியோவைப் பார்க்கும்போது நானும் பாதியிலேயே கமெண்டுக்குத்தான் போகிறேன். ஏன் இப்படி?

— ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

முதலில் பாடத்தை முடித்துவிடுவோம். நீங்கள் சொன்னது சரி. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். 100 டிகிரி என்பது கடல் மட்டக் காற்றழுத்தத்துக்கு உரிய அளவு. மலையடிவாரத்தில் இருக்கும் உங்கள் வகுப்பறையில்கூட அது 100-ஐத் தொடாது. 99-ஐ ஒட்டி நின்றுவிடும்.

உளவியல் ஆலோசனைப் பகுதியில் இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. 17 ஆண்டுகளாக இதே பாடத்தை நடத்தியவர் நீங்கள். முகம் தெரியாத ஒருவரின் இரண்டு வரி, உங்களையே பாடநூலைத் தேடி எடுக்க வைத்திருக்கிறது. அதுவும் இரண்டு முறை. அப்படியிருக்க, பதினான்கு வயதுப் பிள்ளைகள் தடுமாறியதில் அவர்கள் குறை என்ன இருக்கிறது?

1951-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனையைத் தொடங்கினார். கல்லூரி மாணவர்கள் சிலர் ஓர் அறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்கு மூன்றில் எது சமம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சிறு குழந்தைகூடச் சொல்லிவிடக்கூடிய கேள்வி. ஆனால் அந்த அறையில் ஒருவர் மட்டுமே உண்மையில் சோதிக்கப்படுபவர்; மற்றவர்கள் எல்லாரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு, குறிப்பிட்ட சுற்றுகளில் ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். அவருடைய முறை கடைசிப் பக்கம்தான் வரும். தனியாக விட்டால் அநேகமாக யாரும் தவறு செய்யாத அந்தக் கேள்விக்கு, இப்படிச் சூழ்ந்த சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலான பதில்கள் தவறாக வந்தன. நான்கில் மூவர் ஒரு முறையாவது கூட்டத்தோடு போனார்கள்.

இந்தச் சோதனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு உதவப்போகும் செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. எதிரில் ஒரே ஒருவர் தவறாகச் சொன்னபோது யாரும் பெரிதாக அசையவில்லை. மூவர் சேர்ந்து சொன்னதும் ஏறத்தாழ முழு அழுத்தமும் வந்துவிட்டது. அதற்கு மேல் எத்தனை பேரைச் சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை. உங்கள் வீடியோவின் கீழே எழுதியவர் ஒருவர், ஆமோதித்தவர்கள் இருவர். கணக்கு மூன்றுதான். அதே அறையில் இன்னொருவர் மட்டும் சரியான பதிலைச் சொல்லும்படி ஏற்பாடு செய்து பார்த்தார் ஆஷ். தவறான பதில்கள் முன்பிருந்ததில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. கூட்டம் கலையவில்லை, யாரும் வாதாடவும் இல்லை. சரியாகச் சொன்ன ஒரு குரல் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். இந்த ஒரு குரலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் யோசனைகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

ஆஷின் அறையில் இருந்தவர்களுக்குக் கோடு கண்ணெதிரே தெரிந்தது. உங்கள் மாணவர்களில் கொடைக்கானலில் வெப்பமானியை வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. மேலும் அந்த இளைஞர் எழுதியது அவர்களுக்குப் புதிய செய்தியும் இல்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று சின்ன வகுப்புகளில் மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் நாம்தான். பிள்ளைகள் முன்பே நம்பியிருந்ததை அவர் துணிச்சலாகச் சொன்னார்; நீங்கள் அதை மெல்லத் திருத்தப் பார்த்தீர்கள். அவருக்கு விழுந்த லைக்குகளில் பல, தம் பழைய பாடத்துக்குத் தாமே போட்டுக்கொண்ட மதிப்பெண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கமெண்டுகள் வீடியோ பற்றிய கருத்தை எப்படி வளைக்கின்றன என்று நேரடியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஜோசப் வால்தரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கஞ்சாவுக்கு எதிரான விழிப்புணர்வு விளம்பரங்களை யூடியூப் பக்கத்தில் காட்டியது. சிலர் பார்த்த பக்கத்தில் பாராட்டும் கமெண்டுகள், சிலர் பார்த்ததில் ஏளனமான கமெண்டுகள். ஏளனத்தைப் படித்தவர்களுக்கு விளம்பரமே மட்டமாகத் தெரிந்தது. ஆனால் கஞ்சாவைப் பற்றிய அவர்களுடைய எண்ணம் அவ்வளவு எளிதாக நகரவில்லை. எழுதியவர்களைத் தம்மில் ஒருவராக எவ்வளவு உணர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தே அது மாறியது.

இப்போது உங்கள் மாணவியின் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். "அந்த அண்ணன் சொன்னதுதானே சரி?" அவர் யார், எந்த ஊர், எதுவும் அவளுக்குத் தெரியாது. இருந்தும் அவர் 'அண்ணன்' ஆகிவிட்டார். நம் பிள்ளைகள் எல்லாரையும் அப்படித்தான் அழைப்பார்கள். ஆனாலும் அந்தச் சொல்லில் ஒரு பக்கச்சார்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் மேடையில் நிற்பவர். அவர் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். ஆகவே அவரை வென்றுகாட்ட முயல வேண்டாம். அதே பெஞ்சிலிருந்து வேறொரு குரல் எழட்டும்.

அந்த 46-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். 46 பேர் யோசித்துத் தீர்ப்பு எழுதியதாக அதை எண்ணாதீர்கள். செய்திகளைப் பகிரும் ஓர் இணையதளத்தில் ஐந்து மாதங்கள் நடந்த சோதனையின் முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கமெண்டுகள் அதில் அடங்கும். அவற்றில் சிலவற்றுக்கு, தரத்தைப் பார்க்காமல், குலுக்கல் முறையில் ஆய்வாளர்களே ஆரம்பத்தில் ஓர் ஆதரவு வாக்கைப் போட்டார்கள். அடுத்து வந்து பார்த்தவர் தாமும் ஆதரவு வாக்குப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசிக் கணக்கில் அந்தக் கமெண்டுகளின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்திருந்தது. எதிர்வாக்கைப் போட்டபோது அப்படி நடக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் சரிசெய்துவிட்டார்கள். யாரோ திட்டியிருந்தால் சந்தேகப்படுகிறோம், யாரோ பாராட்டியிருந்தால் பின்னால் போய்விடுகிறோம். யூடியூபில் வழக்கமாக முதலில் தெரிவது 'முதன்மைக் கருத்துகள்' என்ற வரிசை. லைக்கும் பதிலும் சேரும் கமெண்டுக்கு அதில் மேலே நிற்கும் வாய்ப்பு அதிகம். மேலே நிற்பதால் இன்னும் பலர் பார்க்கிறார்கள், பார்ப்பதால் லைக் கூடுகிறது. முதல் ஐந்தாறு பேருக்குப் பிறகு அந்த எண்ணிக்கை தானாகவே வளர்ந்திருக்கும்.

2021 நவம்பரில் யூடியூப், பிடிக்கவில்லை என்று அழுத்தியவர்களின் எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. படைப்பாளர்களைக் குறிவைத்துக் கூட்டமாகத் தாக்குவதைக் குறைப்பதே நோக்கம் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு வீடியோவில் ஏதோ பிழை இருக்கிறது என்று பார்வையாளருக்குச் சொல்ல, அதன் பிறகு கமெண்ட் பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. நீங்களும் பாதியில் அங்கே இறங்கிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சந்தைக்குப் போனால் பக்கத்தில் வாங்குபவரின் முகத்தையும் பார்க்கிறோம் அல்லவா? அதே பழக்கம்தான். இதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

இந்தப் பழக்கம் என்னையும் ஏமாற்றியிருக்கிறது. ஒரு வீணைக் கச்சேரிப் பதிவை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் கமெண்டைப் பார்த்தேன். நான்காவது நிமிடத்தில் சுருதி விலகுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். திரும்பப் போய்க் கேட்டேன்; விலகுவதாகவே காதில் விழுந்தது. அதற்குப் பிறகு கச்சேரி முழுவதும் சுருதியை மட்டுமே சோதித்துக்கொண்டிருந்தேன். சங்கீதம் படித்த தோழி ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினேன். "அருமையாக இருக்கிறதே, யார் வாசிப்பது?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வீடியோவை முடிவு வரை பார்ப்பேன். என் கருத்தை ஒரே ஒரு வாக்கியமாக ஒரு தாளில் எழுதுவேன். அதன் பிறகுதான் கமெண்டுக்குப் போவேன். தன் முடிவை முதலில் எழுதி வைத்துக்கொண்டவர்கள் மற்றவர்கள் சொல்வதற்கு அவ்வளவாக வளைவதில்லை என்பதை மார்ட்டன் டாய்ச், ஹரால்ட் ஜெரார்ட் என்ற இருவர் 1955-இலேயே காட்டியிருக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் இதைச் செய்யலாம். வீடியோவைப் போடுவதற்கு முன், "கொடைக்கானலில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து நோட்டைப் பார்க்கக் கூடாது. மனத்துக்குள் நினைத்தது நழுவிவிடும், எழுதியது நிற்கும்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

கமெண்ட் பகுதியை மூட வேண்டாம். மூடியவர்கள் இருக்கிறார்கள். 'பாப்புலர் சயின்ஸ்' என்ற அமெரிக்க அறிவியல் இதழ் 2013 செப்டம்பரில் தன் இணையதளத்தில் கமெண்டுகளை நிறுத்தியது. அதற்கு ஒரு காரணமாக அவர்கள் காட்டியது விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,183 பேரிடம் நடத்திய ஆய்வை. நானோ வெள்ளி, அதாவது மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் பற்றிய ஒரே கட்டுரையை எல்லாரும் படித்தார்கள். கீழே இருந்த கமெண்டுகள் சிலருக்கு நாகரிகமாகவும் சிலருக்கு வசைச் சொற்களோடும் இருந்தன. வசையைப் படித்தவர்களிடையே, அந்தத் தொழில்நுட்பத்தை ஏற்கெனவே ஆதரித்தவர்களும் ஆதரிக்காதவர்களும் அதன் ஆபத்து குறித்து இன்னும் எதிரெதிராக விலகிப்போனார்கள். கமெண்டின் கருத்தைவிட அதன் தொனியே அப்படிப் பிரித்திருக்கிறது. பெரிய இதழுக்கு வந்து குவியும் வசையைக் கண்காணிக்க ஆள் போதாது. அவர்கள் முடிவை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. உங்களுக்கு வந்திருப்பவை 27. அவற்றில் சந்தேகம் கேட்ட பிள்ளைகளும் இருப்பார்கள். வகுப்பில் கை தூக்கத் தயங்கும் பிள்ளை, அங்கேதான் ஒரு வரி எழுதும். அந்தக் கதவைச் சாத்த எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாணவர்களின் முகம் தெரியும் வீடியோவாக இருந்தால் யோசிக்காமல் மூடிவிடுங்கள்.

கொதிநிலைக் கமெண்டை அழிக்காதீர்கள். அதன் முதல் வாக்கியம் தவறு, இரண்டாவது வாக்கியம் மரியாதைக் குறைவு. இருந்தாலும் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அழித்தால், அதை முன்பே படித்த உங்கள் மாணவர்கள், டீச்சரிடம் பதில் இல்லை என்று நினைப்பார்கள். குரலைக் கேலி செய்த கமெண்டில் அப்படி எதுவும் இல்லை. அதை நீக்குங்கள். எழுதியவர் மறுபடி வந்தால் சேனலிலிருந்து அவரை மறைத்துவிடும் வசதியும் இருக்கிறது. வசைச் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்துவிட்டால், அவை உள்ள கமெண்டுகளை யூடியூபே நிறுத்தி வைக்கும். இந்த விஷயத்தில் தாட்சண்யம் வேண்டாம். உங்கள் பாடத்தைப் பற்றி யாரும் கேட்கலாம். உங்கள் தொண்டையைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமையில்லை.

அந்த இளைஞரின் கமெண்டுக்கு அடியில் நீண்ட பதில் எழுதாதீர்கள். பதில் சேரச் சேர அதுதான் மேலே வரும். நீங்களே தனியாக ஒரு கமெண்ட் எழுதி, அதை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்துவிடுங்கள். எழுதும்போது உண்மையை முதலில் சொல்லுங்கள். தவறைத் திரும்ப எழுதித் தொடங்கினால் அவசரமாகப் படிப்பவர் மனத்தில் தவறே தங்கிவிடக்கூடும். இப்படி எழுதலாம்:

"கொடைக்கானலில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியில் கொதிக்கும். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதே காரணம். சின்ன வகுப்பில் நாம் படித்த 100 டிகிரி, கடல் மட்டத்துக்கு உரியது. இந்தச் சந்தேகத்தை எழுப்பிய தம்பிக்கு நன்றி. உங்களில் யாராவது மலையூரில் இருந்தால், அளந்து பார்த்து எழுதுங்கள்."

'தம்பி' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அவர் உங்கள் மாணவியின் அண்ணனாக இருக்கும்வரை உங்களுக்கு எதிர்ப்பக்கம். உங்கள் தம்பியாகிவிட்டால் வகுப்புக்குள் வந்துவிடுகிறார்.

உங்கள் கணவரின் யோசனை அக்கறையில் பிறந்தது. அது வேலை செய்யவும் கூடும். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நாடக அரங்குகளில் காசு கொடுத்துக் கைதட்டுபவர்களை அமர்த்தும் தொழிலே நடந்தது. சிரிப்பதற்கு ஓர் ஆள், கைக்குட்டையோடு அழுவதற்கு ஓர் ஆள், மறுபடியும் பாடு என்று கூவ ஓர் ஆள் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஆனாலும் உங்களுக்கு அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீடியோவையே பார்க்காத சித்தப்பா "அருமை" என்று எழுதுவதும், பார்க்காமல் கேலி பேசிய உங்கள் சக ஆசிரியர் செய்ததும் ஒரே செயல்தான். தவிர, சிற்றூரில் யார் யாருக்கு உறவு என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருவன் கண்டுபிடித்துவிட்டால், உண்மையாக நன்றி சொன்னவர்களின் வரிகளும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் வருத்தியது ஒரு வரி. 27 கமெண்டுகளில் பெரும்பாலும் நன்றி சொன்னவை என்று எழுதினீர்கள். அவற்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. புண்படுத்தியதை மட்டும் சொல் மாறாமல் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். நல்லதைவிடக் கெட்டது ஆழமாகப் பதிவது மனித மனத்தின் இயல்பு, அதை அறிவுரையால் மாற்ற முடியாது. ஆனால் செய்யக்கூடியவை சில உண்டு. இரவு படுக்கையில் கமெண்டுகளைப் படிக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், பகலில், அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நன்றி சொன்னவர்களின் வரிகளில் இரண்டைக் கையால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூடவே இந்தக் கணக்கையும்: பார்த்தவர்கள் 3,200, எழுதியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மீதிப் பேர் என்ன நினைத்தார்கள் என்பது அந்தப் பெட்டியில் இல்லவே இல்லை.

கடைசியாக, அந்த மாணவி. வகுப்பில் பல பிள்ளைகளுக்கு அதே சந்தேகம் இருந்திருக்கும். எழுந்து கேட்டவள் அவள் ஒருத்திதான். ஆஷின் அறையில் தேவைப்பட்ட அந்த ஒரு குரலாக இருக்கக்கூடியவள் அவளே என்று நினைக்கிறேன். பள்ளி ஆய்வகத்திலிருந்து வெப்பமானியை எடுத்து அவள் கையில் கொடுங்கள். முதலில் வகுப்பிலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து அவள் அளக்கட்டும்; வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. பிறகு அவளையும் இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளையும், பெற்றோர் சம்மதத்தோடு, ஒரு சனிக்கிழமை கொடைக்கானல் பஸ்ஸில் அழைத்துப் போங்கள். அதே வெப்பமானி, அதே பாத்திரம். பள்ளி வெப்பமானிகள் ஒரு டிகிரி முன்பின் காட்டக்கூடும் என்பதால், கீழே வந்த அளவுக்கும் மேலே வந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாறு டிகிரி குறைந்திருக்கும். இரண்டு எண்களையும் அவளே எழுதட்டும். பாராட்டாக ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். எங்கே அளந்தோம், எத்தனை வந்தது என்பது மட்டும் போதும். நீங்கள் பின் செய்த கமெண்டுக்கு அடியில், முதல் பதிலாக, 'பத்தாம் வகுப்பு மாணவிகள்' என்று மட்டும் குறிப்பிட்டு அதைப் போட்டுவிடுங்கள்.

பயணம் முடிந்ததும் அந்த இரண்டு எண்களை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.